வழக்குக் கட்டுக்குள் அடைபட்ட குரல்

2024 நவம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இசை நிறுவனமான சப் பாப், நான்கு பழைய ஆல்பங்களை ஒரே நாளில் மறுபடி வெளியிட்டது. நான்கும் 'தி கிட்ஸ்' என்ற பங்க் குழுவினுடையவை. அந்தக் குழு இயங்கியது 1986 முதல் 1993 வரை, ஏழே ஆண்டுகள். பாடகி மியா ஸபாட்டா இருபத்தேழு வயதில் கொல்லப்பட்டார். அவர் உயிரோடிருந்தபோது கடைக்கு வந்த ஆல்பம் ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் அவருக்குப் பின் வந்தவை.

சப் பாப்பும் கிட்ஸும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது இதில் வேடிக்கை. ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பத்தைப் போட்டதும், சியாட்டிலை உலக வரைபடத்தில் ஏற்றியதும் இந்த நிறுவனம்தான். இரண்டு தரப்பும் அதே மதுக்கடைகளில், அதே நண்பர்களோடு புழங்கியவர்கள். ஆனாலும் குழு இயங்கிய காலத்தில் அதன் ஆல்பம் எதையும் சப் பாப் போடவில்லை. அந்தக் கணக்கு நேராக முப்பத்தோரு ஆண்டு பிடித்தது.

இடைப்பட்ட காலத்தில் மியாவின் பெயர் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இசைத்தட்டுக் கடைகளில் அல்ல, குற்றச் செய்தி நிகழ்ச்சிகளில். 'தீராத வழக்கு' என்ற தலைப்பில் தொலைக்காட்சிகள் அவர் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. அவர் எப்படிச் செத்தார் என்று தெரிந்தவர்கள் பல லட்சம் பேர். எப்படிப் பாடினார் என்று கேட்டவர்கள் அதில் எத்தனை பேர்?

கதை சியாட்டிலில் தொடங்கவில்லை. ஒஹாயோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே உள்ள ஆன்டியோக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்டது. கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மான் அதன் முதல் தலைவர். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் இசை படித்த இடமும் அதுதான். மாணவர்கள் ஆண்டில் ஒரு பகுதியை வகுப்பிலும் மறு பகுதியை வெளியூர் வேலைகளிலும் கழிக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் நெடுநாள் வழக்கம். ஊர் ஊராகப் போய் எதையாவது செய்து பிழைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே படித்தவர்களுக்கு எளிதில் வந்துவிடும். பங்க் குழு நடத்த இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

1984இல் மியா அங்கே சேர்ந்தார். வளர்ந்தது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். சிறு வயதிலேயே கிட்டாரும் பியானோவும் கற்றுக்கொண்டவர். அவர் காதில் விழுந்து வளர்ந்தது பங்க் மட்டுமல்ல. பெஸ்ஸி ஸ்மித், பில்லி ஹாலிடே, ரே சார்ல்ஸ், சாம் குக், ஹேங்க் வில்லியம்ஸ். கறுப்பின மக்களின் புளூஸும் தென்மாநிலத்து நாட்டுப்புறப் பாட்டும் கலந்த அந்தக் கேள்வி ஞானம்தான் பின்னால் அவரை மற்ற பங்க் பாடகர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

1986 செப்டம்பரில் அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து குழுவைத் தொடங்கினார்கள். கிட்டாருக்கு ஆண்டி கெஸ்லர். மேடையில் ஜோ ஸ்ப்ளீன் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பாஸ் கிட்டாருக்கு மாட் டிரெஸ்ட்னர், டிரம்ஸுக்கு ஸ்டீவ் மோரியார்ட்டி. முதலில் வைத்த பெயர் 'ஸ்னிவெல்லிங் லிட்டில் ராட் ஃபேஸ்டு கிட்ஸ்'. மூக்கொழுகும் எலிமூஞ்சி உதவாக்கரைகள் என்று கொள்ளலாம். மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ஒரு காட்சியிலிருந்து எடுத்தது. அவ்வளவு நீளப் பெயரைச் சுவரொட்டியில் அடிக்க முடியாது என்பதால் கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியது. இந்தச் சிரிப்பு குழுவை விட்டுக் கடைசிவரை போகவில்லை. இரண்டாம் ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'என்டர்: த கான்கரிங் சிக்கன்', அதாவது வெற்றிவாகை சூடி வரும் கோழி. அந்த ஆல்பத்தை இன்று கண்ணீர் மல்கப் பேசுகிறவர்கள் பலரும் அதன் பெயரை மட்டும் சற்று வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

கல்லூரியில் இருந்தபோதே, 1988இல், ஒரு தொகுப்பைப் பதிவு செய்து 'பிரைவேட் லப்ஸ்' என்ற பெயரில் தாங்களே சுற்றுக்கு விட்டார்கள். அதுதான் 1996இல் 'கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது. மறுவெளியீடான நான்கில் காலத்தால் மூத்தது இது.

1989இல் நால்வரும் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்றைய சியாட்டில் இன்றைய கணினி நிறுவனங்களின் ஊர் அல்ல. போயிங் விமானத் தொழிற்சாலையின் ஏற்ற இறக்கத்தை நம்பி வாழ்ந்த, மழை ஓயாத, வாடகை மலிவான ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் போயிங் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியபோது, ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று நெடுஞ்சாலை ஓரம் கேலியாக விளம்பரப் பலகையே வைத்தார்கள். அந்த ஊர்தான் இசைக்காரர்களுக்குத் தோதாக அமைந்தது. கேப்பிட்டல் ஹில் பகுதியில் பழைய வீடு ஒன்றைப் பிடித்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'ராட் ஹவுஸ்', எலி வீடு. குடியிருப்பும் ஒத்திகையும் அங்கேதான். மற்ற குழுக்களுக்கும் அது கூடுமிடம் ஆனது. மியா மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார்.

அந்த ஊரில் இளைஞர்கள் இசை கேட்பதற்கே ஒரு சட்டத் தடை இருந்தது. 1985இல் மாநகராட்சி கொண்டுவந்த 'டீன் டான்ஸ் ஆர்டினன்ஸ்' படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் கலந்துகொள்ளும் ஆட்டபாட்டம் எதற்கும் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பணி முடிந்த காவலர்களைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். சின்ன அரங்கு நடத்துகிறவருக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால் கச்சேரிகள் மதுக்கடைகளுக்குள்ளும், வீட்டு நிலவறைகளுக்குள்ளும், கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள்ளும் போய்ப் பதுங்கின. இந்தச் சட்டம் ரத்தானது 2002இல்தான். சியாட்டில் இசை உலகையே பிடித்து ஆட்டிய பத்தாண்டு முழுவதும் அந்த ஊரின் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொந்த ஊர்க் கச்சேரி எட்டாக்கனியாகவே இருந்தது.

அந்தச் சிறிய வட்டத்துக்குள் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. கிட்ஸின் முதல் ஆல்பமான 'ஃப்ரென்ச்சிங் த புல்லி' 1992இல் சி/ஸீ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. அதைத் தொடங்கியவர்கள் கிறிஸ் ஹான்செக்கும் டீனா கசாலேயும். 1986இல் அவர்கள் வெளியிட்ட 'டீப் சிக்ஸ்' என்ற தொகுப்பில் சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ், கிரீன் ரிவர், ஸ்கின் யார்ட் முதலிய ஆறு உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. பிற்பாடு உலகம் கிரஞ்ச் என்று அழைத்த இசைக்கு அதுவே முதல் சாட்சி. நிறுவனத்தைப் பின்னர் ஏற்று நடத்தியவர் டேனியல் ஹவுஸ், ஸ்கின் யார்டின் பாஸ் கிட்டார்காரர். அதே ஸ்கின் யார்டில் கிட்டார் வாசித்தவர் ஜாக் என்டினோ. ஹான்செக்கோடு சேர்ந்து ரெசிப்ரோகல் ரெக்கார்டிங் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்தியவரும் இவர்தான். நிர்வாணாவின் முதல் ஆல்பமான 'பிளீச்' அங்கேதான் 606 டாலர் சொச்சச் செலவில் பதிவானது. 2024 மறுவெளியீட்டுக்காகக் கிட்ஸின் நான்கு ஆல்பங்களையும் ரீமாஸ்டர் செய்தவர் இதே என்டினோ. அந்தக் காலத்து அறைகளின் ஒலியும், அந்தக் காலத்துக் கருவிகளின் குறைகளும் இவர் காதுக்குப் புதிதல்ல.

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு பெரிய நிறுவனங்களின் ஆட்கள் காசோலைப் புத்தகத்தோடு சியாட்டில் மதுக்கடைகளைச் சுற்ற ஆரம்பித்தார்கள். கிட்ஸ் அந்த அலையில் ஏறவும் இல்லை, அதிலிருந்து ஒதுங்கவும் இல்லை. அவர்களுடையது கிரஞ்ச் அல்ல. கிரஞ்ச் கனமாக, இழுத்து இழுத்து நகரும். இவர்கள் ஓடினார்கள். பக்கத்து ஊரான ஒலிம்பியாவில் 1991 வாக்கில் கிளம்பிய 'ரயட் கேர்ல்' பெண்ணிய பங்க் இயக்கத்தோடும் இவர்களைச் சேர்த்துச் சொல்வதுண்டு. பெண் முன்னால் நின்று பாடினார் என்பதற்காக ஒட்டிய முத்திரை அது. மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் கொண்ட இந்தக் குழுவின் பாட்டுகளில் முழக்கங்கள் அபூர்வம். குடி, பயம், தன்மேல் தனக்கே உள்ள சந்தேகம், விட்டுப்போனவர்கள் மேல் கோபம், கடைசியில் எப்படியோ எழுந்து நிற்பது. மியா எழுதியது இவற்றைத்தான்.

'செகண்ட் ஸ்கின்' என்ற பாட்டைக் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். 1991இல் தனி இசைத்தட்டாக வந்து, பிறகு முதல் ஆல்பத்தில் சேர்ந்தது. உலகத்தின் அடிகளைத் தாங்க இன்னொரு தோல் வேண்டும் என்பது கரு. கிட்டாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடுகின்றன. சாதாரண பங்க் பாடகராக இருந்தால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துக் கத்திக்கொண்டே கூட ஓடுவார். மியா அப்படிச் செய்வதில்லை. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தங்குகிறார். மற்றவர்கள் நான்கு அடி தாண்டுவதற்குள் ஒரு சொல்லின் உயிரெழுத்தைப் பிடித்து இழுத்து, அதற்குள்ளேயே குரலை மேலும் கீழும் அசைக்கிறார். அது புளூஸ் பாடகிகளின் வித்தை. நெஞ்சின் அடியிலிருந்து வரும், கரகரப்பேறிய தாழ்ந்த குரல். ஆனால் சுருதி பிசகுவதில்லை. மூச்சு வாங்கும் சத்தம்கூட மறைக்கப்படாமல் பதிவில் கிடக்கிறது. உச்சத்தில் குரல் உடையப்போகிறது என்று தோன்றும் இடத்தில் அதை உடையவிடாமல் ஒரு திருப்புத் திருப்பிக் கீழே இறக்குகிறார். வேகம் குழுவுடையது, நிதானம் பாடகியுடையது. இந்த இழுபறிதான் கிட்ஸ்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டாம் ஆல்பத்திலேயே விடை இருக்கிறது. சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பாட்டை அதில் மியா பாடியிருக்கிறார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு கலந்துவிட்ட பாட்டு அது. குக் 1964 ஜனவரியில் பதிவு செய்தார். அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள் கழித்துத்தான் பாட்டு தனி இசைத்தட்டாக வந்தது. மூலத்தில் வயலின்களும் கொம்புகளும் பின்னால் எழும்பும். கிட்ஸிடம் அவை ஏது? ஒரு கிட்டார், ஒரு பாஸ், டிரம்ஸ். பங்க் ரசிகர்களுக்கு ஒரு பழைய சோல் பாட்டைப் பகடி செய்யாமல், வேகமும் கூட்டாமல் கொடுக்க 1993இல் துணிச்சல் வேண்டும்.

அந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 1993 ஜூலை 7 வந்தது. முந்தைய இரவு மியா கேப்பிட்டல் ஹில்லின் காமெட் டாவர்ன் என்ற மதுக்கடையில் நண்பர்களோடு இருந்தார். பின்னிரவு இரண்டு மணி வாக்கில் கிளம்பினார். விடியும் முன் அவருடைய உடல் ஒரு தெருவோரம் கிடந்தது. பாலியல் வன்கொலை. அந்த இரவைப் பற்றி எழுத வேண்டியதற்கு மேலேயே எழுதியாகிவிட்டது. இங்கே இது போதும்.

ஊர் என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. துப்புத் துலங்காததால் தனியார் துப்பறிவாளரை வைக்க நண்பர்கள் நிதி திரட்டினார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி நடந்த நிதிக் கச்சேரியில் அப்போது புகழின் உச்சியில் இருந்த நிர்வாணா வந்து வாசித்தது. எல்லாம் சேர்த்துச் சுமார் எழுபதாயிரம் டாலர் திரண்டது. '7 இயர் பிட்ச்' என்ற பெண்கள் குழு, கிட்ஸின் நெருங்கிய தோழமைக் குழு, தன் 1994 ஆல்பத்துக்கு 'விவா ஸபாட்டா' என்று பெயரிட்டது. ராக் பாடகி ஜோன் ஜெட், ரயட் கேர்ல் பாடகி கேத்லீன் ஹன்னாவோடு சேர்ந்து 'கோ ஹோம்' என்ற பாட்டை எழுதினார். பிறகு கிட்ஸின் மூவரோடும் மேடையேறி மியாவின் பாட்டுகளைத் தானே பாடினார். 1995இல் அது ஆல்பமானது. அந்தக் கூட்டணிக்குப் பெயர் 'ஈவில் ஸ்டிக்'. 'கிட்ஸ் லைவ்' என்பதை ஆங்கில எழுத்துகளில் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர்.

இவற்றிலெல்லாம் உருப்படியானது என்று 'ஹோம் அலைவ்' அமைப்பைச் சொல்ல வேண்டும். 7 இயர் பிட்ச் குழுவின் டிரம்ஸ் கலைஞர் வலேரி ஆக்னியூ உள்ளிட்ட இசைக்காரர்களும் ஓவியர்களும் கவிஞர்களும் 1993இல் கூடித் தொடங்கியது. பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு. கட்டணம் அவரவர் வசதிக்கு ஏற்ப. கையால் தடுப்பது, காலால் உதைப்பது மட்டுமல்ல, வேண்டாம் என்று உரக்கச் சொல்லவும் அங்கே பழக்கினார்கள். இரவு வேலை முடிந்து பெண் தனியாக நடந்து போகிறாள் என்றால் அது அவள் தப்பு என்ற பேச்சுக்கு நேர் எதிரான வேலை இது. அமைப்புக்கு நிதி சேர்க்க 1996இல் எபிக் நிறுவனம் இரட்டை சிடி தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன் எல்லோரும் இருந்தார்கள்.

பத்து ஆண்டு குற்றவாளி பிடிபடவில்லை. அதுவரை அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒவ்வொரு ஆணும் மற்றவர் பார்வையில் சந்தேகத்துக்குரியவர் ஆனார். நட்புகள் முறிந்தன. 1993இல் எடுத்து உறையவைத்திருந்த எச்சில் மாதிரியிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, தேசியத் தரவுத்தளத்தில் ஒரு பொருத்தம் கிடைத்தது. 2003 ஜனவரியில் புளோரிடாவில் ஒருவன் கைதானான். இசை வட்டத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2004இல் தண்டனை கிடைத்தது. 2021இல் தண்டனைக் காலத்திலேயே செத்தான்.

வழக்கு முடிந்த பிறகாவது பாட்டைப் பற்றிப் பேசியிருக்கலாம். நடந்தது வேறு. பாட்டுகளையே தடயங்களாகப் படிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஆல்பத்தில் 'சைன் ஆஃப் த கிராப்' என்றொரு பாட்டு; வன்முறையான சாவைப் பற்றியது. தன் முடிவை முன்கூட்டியே அறிந்து பாடிவிட்டார் என்று ரசிகர்களும் நிருபர்களும் மாறி மாறி எழுதினார்கள். புளூஸ் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் சாவைப் பற்றிப் பாடியதில் என்ன அதிசயம்? அந்த மரபில் பாதிப் பாட்டு கொலையும் கல்லறையும்தான். எழுத்துத் திறமையை ஜோசியமாக்கிவிட்டால், அவர் உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதிய உழைப்பு காணாமல் போகிறது.

அந்த உழைப்பை மீட்டுத் தருவது மறுவெளியீடுதான். பங்க் இசைக்கும் மறுவெளியீட்டுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. சொல்லப்போனால் அந்த இசைக்குப் பெயர் நிலைத்ததிலேயே ஒரு மறுவெளியீட்டுக்குப் பங்குண்டு. 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவின் சிற்றூர்களில் கார் ஷெட்டுகளில் வாசித்துப் பழகிய குழுக்களின் மறந்துபோன தனிப்பாட்டுகள், மொத்தம் 27. தேடித் தொகுத்தவர் லென்னி கே. பின்னால் பாடகி பாட்டி ஸ்மித்தின் கிட்டார் கலைஞர் ஆனவர். உறைக்குள் எழுதிய குறிப்பில் அந்தப் பழைய இசையை அவர் 'பங்க் ராக்' என்று குறிப்பிட்டார். லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு கிளம்ப இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

டெட்ராய்ட் நகரின் 'டெத்' குழுவின் கதை இதைவிடக் கூர்மையானது. ஹேக்னி சகோதரர்கள் மூவர், கறுப்பினத்தவர். 1975இல் ஏழு பாட்டுகள் பதிவு செய்தார்கள். குழுவின் பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்று ஒரு பெரிய நிறுவனத் தலைவர் சொன்னார். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். மறு ஆண்டு சொந்தக் காசில் 500 தனி இசைத்தட்டு அடித்ததோடு சரி. 2000இல் டேவிட் புற்றுநோயில் இறந்தார். 2009இல் டிராக் சிட்டி நிறுவனம் அந்த ஏழு பாட்டுகளையும் ஆல்பமாகப் போட்டபோதுதான், பங்கின் முன்னோடிகளான ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு முன்பே இப்படி ஒரு இசை டெட்ராய்ட்டில் இருந்தது என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. மறுவெளியீடு வரலாற்றின் வரிசையையே மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

கிட்ஸுக்கு நேர்ந்தது முழு மறதியல்ல, பாதி மறதி. சி/ஸீ போன்ற சிறு நிறுவனம் கொஞ்சமாக அளந்துதான் அச்சடிக்கும். தீர்ந்தால் அடுத்த அச்சுக்குக் காசு இருக்காது. நிறுவனம் நொடித்தால் ஆல்பமும் கடையை விட்டுப் போய்விடும். சான் பிரான்சிஸ்கோவின் புரோக்கன் ரெகிட்ஸ் 1996இல் 'கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்' ஆல்பத்தையும், 2000இல் மேடைப் பதிவுகளும் மிச்சப் பாட்டுகளும் அடங்கிய 'சீஃபிஷ் லூயிவில்' ஆல்பத்தையும் வெளியிட்டது. 2003இல் முதல் இரண்டு ஆல்பங்களையும் கூடுதல் பாட்டுகளோடு மறுபடி அச்சிட்டது. அதுவும் சின்ன நிறுவனம்தான். சிடி விற்பனை சரிந்த காலத்தில் அவையும் பழைய பொருள் சந்தையின் சரக்காயின. இணையத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, செயலியில் ஒழுங்காக இல்லாத குழு இல்லாத குழுவே.

2024இல் என்டினோ செய்த ரீமாஸ்டர் என்பது பாட்டை மறுபடி கலப்பதல்ல. குரல் இவ்வளவு, கிட்டார் இவ்வளவு என்று தனித்தனித் தடங்களைக் கலப்பது 'மிக்ஸிங்'. கலந்து முடிந்த ஒலியின் மொத்த அளவையும், அடிச்சத்தம் மேல்சத்தம் சமநிலையையும், பாட்டுக்குப் பாட்டு உள்ள ஏற்றத்தாழ்வையும் சரிசெய்வது மாஸ்டரிங். எண்பதுகளின் காந்த நாடாக்களில் சில வகைகள் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் காந்தப் பூச்சே உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்டவற்றை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, ஒருமுறை ஓட்டும் அவகாசத்துக்குள் கணினிக்கு மாற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். அடுப்பில் வைக்கிற வேலை என்றே அதைச் சொல்வார்கள். வினைல் தட்டாக வேண்டுமென்றால் இன்னொரு படி உண்டு: பெரும்பாலும் அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் வெட்டித்தான் அச்சு எடுப்பார்கள். அந்த அரக்குத் தட்டு செய்ய உலகத்திலேயே இரண்டு ஆலைகள்தான் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஒன்று 2020 பிப்ரவரியில் எரிந்துபோக, மிஞ்சியது ஜப்பானில் உள்ளது. இத்தனைக்கும் நடுவில் 2022இல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை சிடிக்களை மிஞ்சியது. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மறுவெளியீடுகள் பெருகியதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, இந்தச் சந்தையும்தான்.

சந்தை எதுவானாலும் கிட்ஸுக்கு நன்மைதான் நடந்திருக்கிறது. டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் மோரியார்ட்டியும் அதே 2024இல் மியாவையும் குழுவையும் பற்றிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். புலனாய்வாளர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் முப்பது ஆண்டு சொல்லிவந்த கதையை, மியாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏழு ஆண்டு தாளம் கொடுத்தவர் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'ஃப்ரென்ச்சிங் த புல்லி'யிலிருந்து தொடங்குவது நல்லது. குழு தன் முழு பலத்தில் இருந்தபோது, தானே தேர்ந்து அடுக்கி முடித்த ஆல்பம் அது ஒன்றுதான். 'கான்கரிங் சிக்கன்' இசையில் அதைவிட ஒரு படி மேலே. ஆனால் முடியாத வேலையை மிச்சமிருந்தவர்கள் முடித்துத் தந்தது என்பது சில இடங்களில் தெரியும். 'சீஃபிஷ் லூயிவில்' மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. மேடையில் மியா எப்படி இருந்தார் என்று அறிய அது உதவும். 'கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்' கடைசி. 1988இல் ஒஹாயோவில் பதிவான அந்தப் பாட்டுகளில் தாளத்துக்குப் பின்னால் தங்கும் அந்த வித்தை இன்னும் முழுதாகக் கைவரவில்லை. பல இடங்களில் மியா குழுவோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறார். முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் இடையில் நான்கு ஆண்டு. அதில் மூன்று ஆண்டு எலி வீட்டு ஒத்திகை.